கெபோபோ வெறும் சர்க்கஸா?

இழையைத் தொடங்கிய கேள்வி:
இசையமைப்பாளர் லிகெட்டியின் 'லு கிரான் மக்காப்ர்' என்ற ஆப்பராவை, அதாவது இசைநாடகத்தை, முழுதாகப் பார்த்து முடித்தேன். அதில் ரகசியப் போலீஸ் தலைவராக வரும் கெபோபோவை ஏன் எல்லோரும் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? கோமாளி உடுப்பு, கீச்சுக்குரல், ஒரு சொல் புரியவில்லை. அந்தப் பாத்திரத்தைத் தூக்கிவிட்டாலும் கதை அப்படியே நிற்கும். பாடகியின் தொண்டை வித்தையைக் காட்ட வைத்த சர்க்கஸ்தானே இது?

பிப்ரவரி 3, இரவு

நிற்காது. கெபோபோவை எடுத்துவிட்டு மூன்றாம் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஊருக்கே தெரிந்துவிட்ட ஆபத்து அரண்மனைக்குள் நுழைய வழியே இருக்காது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓவியர் பீட்டர் ப்ரூகலின் பெயரை ஒட்டிய ப்ரூகல்லாந்து என்ற கற்பனை நாடு. நெக்ரோட்சார் என்பவன் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறான். நானே மரணம், நள்ளிரவில் வால்நட்சத்திரம் வந்து உலகம் அழியும் என்கிறான். பீட் என்ற குடிகாரனின் முதுகில் ஏறிக்கொண்டு தலைநகருக்குப் புறப்படுகிறான். அங்கே அரண்மனையில் கோகோ என்ற சிறுவன் இளவரசனாக இருக்கிறான், சாப்பாடு ஒன்றுதான் அவனுக்கு நினைப்பு. வெள்ளை அமைச்சர், கறுப்பு அமைச்சர் என்று இரண்டு பேர் அவனை ஆட்டிவைக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் அகரவரிசைப்படி திட்டிக்கொள்வார்கள், இளவரசனை மரக்குதிரையில் ஏற்றிச் சவாரி பழக்குவார்கள், வரியை நூறு சதவீதம் ஏற்றும் ஆணையில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் ராஜினாமா என்று மிரட்டுவார்கள்.

இந்தக் கூத்தின் நடுவில்தான் கெபோபோ ஒற்றர் பட்டாளத்தோடு உள்ளே பாய்கிறார். கொண்டுவரும் செய்தி: மக்கள் பீதியில் திரண்டு வருகிறார்கள், வால்நட்சத்திரம் நெருங்குகிறது, அவன் வருகிறான். இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அந்த அரசாங்கத்தில் அன்றைக்கு உண்மையைக் கையில் வைத்திருக்கும் ஒரே அதிகாரி அவர். அதைச் சொல்ல அவரிடம் இருப்பதோ சங்கேதச் சொற்கள், ரகசிய எண்கள், 'உஷ்', 'ப்ஸ்ட்', சேவல் கூவல், அறுந்து விழும் எழுத்துகள். ரகசியம் காத்துக் காத்து, பேசவே வராமல் போன ஒரு போலீஸ் தலைவர்! இதைவிடக் கச்சிதமான நகைச்சுவைப் பாத்திரம் இருபதாம் நூற்றாண்டு ஆப்பராவில் எனக்குத் தெரிந்து இல்லை.

பிப்ரவரி 4

'தொண்டை வித்தை' என்றதற்குத் தனியாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது. நான் தேவாலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ என்ற உச்ச ஸ்தாயிப் பெண்குரல் வரிசையில் வளர்ந்தவள். மேலே போகப் போக வார்த்தை கரைந்துவிடும் என்பதை வாயில் உணர்ந்திருக்கிறேன். எங்கள் ஆசிரியை உச்ச ஸ்வரங்களில் சொல்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வாயைத் திறங்கள் என்பார்.

அதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. 'ஈ'யையும் 'ஆ'வையும் காது பிரித்தறிவது வாய்க்குழி எழுப்பும் ஒத்ததிர்வுகளை வைத்து. 'ஈ'க்கு அதில் கீழானது சுமார் 300 ஹெர்ட்ஸ், 'ஆ'வுக்கு 700, 800 அளவில் இருக்கும். சோப்ரானோவின் உச்ச 'சி' ஸ்வரம் ஏறத்தாழ 1,047 ஹெர்ட்ஸ். பாடும் சுருதியே அந்த ஒத்ததிர்வுகளைத் தாண்டி மேலே போய்விடுவதால் எல்லா உயிரெழுத்தும் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கும். எந்த மொழியில் பாடினாலும் இதேதான்.

வழக்கமாக ஆப்பரா எழுதுபவர்கள் இந்தக் குறையை மறைக்கப் பார்ப்பார்கள். முக்கியமான சொல்லைக் கீழ் ஸ்தாயியில் முதலில் சொல்லவைத்துவிட்டு, பிறகு வெறும் உயிரெழுத்தில் மேலே ஏற்றுவார்கள். 1791இல் மோட்சார்ட் 'மந்திரப் புல்லாங்குழல்' ஆப்பராவில் இரவு ராணி பாத்திரத்துக்கு எழுதிய சினப்பாட்டில் சபதம் முதலில் தெளிவாகக் காதில் விழும், அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற குத்துக் குத்தான உச்ச ஸ்வரங்கள் வரும். லிகெட்டி இதைத் தலைகீழாக்குகிறார். அவசரச் செய்தியையே, புரியாமல் போகும் உயரத்தில் வைக்கிறார். அங்கே மெய்யெழுத்துகள் துண்டுதுண்டாகத் தெறிக்கும், திடீரென்று குரல் பாதாளத்துக்கு இறங்கிக் கிசுகிசுக்கும், மறுபடி கூரையைத் தொடும். ஆகவே உங்களுக்குப் புரியவில்லை என்றால் அந்த இசை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

பிப்ரவரி 4, கொஞ்ச நேரம் கழித்து

மேலே ஒருவர் "மேடையில் இருப்பவர்களுக்கும் புரியவில்லையே" என்று எழுதியிருக்கிறார். அப்படியில்லை. கோகோவுக்குப் புரிகிறது. அந்தக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான். வயதான அமைச்சர்கள் இருவரும் வதந்தி, பீதி கிளப்புகிறார்கள் என்று தள்ளிவிடப் பார்க்கிறார்கள். மரக்குதிரையிலிருந்து இறங்கிய பையன் மட்டும் அந்தக் கீச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பிடித்துக்கொள்கிறான். அதுவரை அமைச்சர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவன் அந்தப் புள்ளியிலிருந்து மெல்ல நிமிர்கிறான். அமைச்சர்கள் மாடத்துக்குப் போய் மக்களிடம் பேசித் தோற்கிறார்கள். கீழே இருந்து வரும் கூச்சல் முழுக்க அவன் பெயர். கோகோவை பொம்மையாகவும் ராஜாவாகவும் இரண்டாகப் பிரிக்கும் கோடு கெபோபோவின் வருகை. துணைப் பாத்திரத்துக்கு இதைவிட என்ன வேலை வேண்டும்?

பிப்ரவரி 6

லிகெட்டியின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1923இல் ட்ரான்சில்வேனியாவில், ஹங்கேரிய மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1944இல் கட்டாய உழைப்புப் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டார். அப்பாவும் தம்பியும் நாஜி முகாம்களில் இறந்தார்கள். அம்மா ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பினார். போருக்குப் பிறகு புடாபெஸ்ட் லிஸ்ட் இசைக்கழகத்தில் படித்து, 1950 முதல் அங்கேயே பாடம் நடத்தினார். அது ராகோஷியின் ஸ்டாலினிய ஆட்சிக்காலம். 1953, 54இல் எழுதிய முதல் நரம்பிசை நால்வர் படைப்பை அங்கே அரங்கேற்ற முடியாது என்று தெரிந்தே எழுதி மேசை இழுப்பறையில் வைத்தார். ஹங்கேரியில் 1956 எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு அந்த டிசம்பரில் எல்லை தாண்டி வியன்னாவுக்குப் போனார்.

புடாபெஸ்டில் ஆந்த்ராஷி சாலை 60ஆம் எண் கட்டடம் முதலில் ஹங்கேரிய பாசிஸ்டுகளான அம்புச் சிலுவைக் கட்சியின் தலைமையகம். போர் முடிந்ததும் அதே கட்டடத்தில் கம்யூனிஸ்டு ரகசியப் போலீஸ் குடியேறியது. அதே கதவு, அதே நிலவறை. இப்போது அருங்காட்சியகம். கெபோபோ என்ற பெயர் ஜெர்மனில் 'ரகசிய அரசியல் போலீஸ்' என்பதன் சுருக்கம், கேட்ட மாத்திரத்தில் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ நினைவுக்கு வரும். ஆனால் எழுதப்பட்டிருக்கும் விதத்தில் அந்தப் பாத்திரத்துக்கு எந்தக் கட்சிச் சாயமும் இல்லை. இரண்டு ஆட்சிகளின் போலீசையும் பார்த்துவிட்ட மனிதர் படைத்த போலீஸ் அது. அவரைச் சிரிக்கவைக்கும் பாத்திரமாக ஆக்கியதில் எவ்வளவு துணிச்சல் இருக்கிறது என்று யோசிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிப்ரவரி 6, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு எல்லை போட வேண்டும். கெபோபோவை லிகெட்டியின் பழிவாங்கல் என்று யாராவது புரிந்துகொண்டால் பாத்திரம் சின்னதாகிவிடும். பழிவாங்க எழுதியிருந்தால் கெபோபோ கொடூரராக இருந்திருப்பார். இவர் யாரையும் துன்புறுத்துவதை நாம் பார்ப்பதில்லை. கூடவே கொலையாளிகள் வருகிறார்கள், ஆனால் தலைவர் நடுங்குகிறார். கடைசிப் பாட்டில் காவலைக் கூப்பிடு, இரட்டைக் காவல் போடு என்று வெறிபிடித்ததுபோல் கத்துகிறார். நகர வாயில் பக்கமிருந்து ஒரு தனி உருவம் வருகிறது, அமைச்சர்கள் ஓடிப்போகிறார்கள். வந்து சேர்வது யார்? அஸ்ட்ரடாமோர்ஸ். மனைவியிடமிருந்து விடுதலை கிடைத்த குஷியில் இளவரசனைப் பார்க்க வந்த அப்பாவி ஜோதிடர்! உண்மையான ஆபத்து அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. எச்சரிக்கை சரி, சுட்டிக்காட்டிய ஆள் தவறு. உளவுத்துறையின் முழு வரலாறும் இந்த ஒரு நகைச்சுவைக்குள் அடங்கும்.

பிப்ரவரி 9

இந்தப் பாத்திரம் எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்டிருந்தீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஆட்குறைப்பு வந்தது. மேலிடத்திலிருந்து வந்த எந்த மின்னஞ்சலிலும் அந்தச் சொல் இல்லை. வளங்களை மறுசீரமைக்கிறோம், திறனை உகந்த நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று இருந்தது. அந்த வேலைக்கு ஒரு பறவையின் பெயரைச் சங்கேதமாகவும் வைத்திருந்தார்கள். எந்த மாடி காலியாகப் போகிறது என்று கேன்டீனில் டீ போடுகிற அண்ணனுக்குத் தெரியும். எங்கள் மேலாளர் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வேறு வேலை தேட அவகாசம் கொடுக்க வேண்டும் என்றுதான் கூட்டினார் என்று இன்றும் நம்புகிறேன். அவருக்கு அனுமதித்திருந்த சொற்களில் அதைச் சொல்ல முடியவில்லை. வாக்கியத்தைத் தொடங்குவார், நிறுத்துவார், கண்ணாடியைக் கழற்றுவார், அந்தப் பறவையின் பெயரைச் சொல்வார். குரல் ஏறிக்கொண்டே போனது. எங்களில் சிலர் சிரிப்பை அடக்கினோம். அடுத்த மாதம் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இல்லை.

கெபோபோவின் முதல் பாட்டை அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் முதன்முதலாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அவருக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி 10

ஒரு சின்னக் குறிப்பு. இரண்டாம் காட்சியில் வீனஸ் தேவதையாகப் பாடுவதும் இதே சோப்ரானோதான், லிகெட்டி அப்படித்தான் வகுத்திருக்கிறார். செலவு மிச்சம் என்று பலர் கடந்துவிடுகிறார்கள். அங்கே ஜோதிடர் அஸ்ட்ரடாமோர்ஸின் மனைவி மெஸ்கலினா, தனக்கு வீரியமுள்ள ஓர் ஆண் வேண்டும் என்று வீனஸிடம் இறைஞ்சுகிறாள். வீனஸ் அனுப்பிவைக்கும் ஆள் நெக்ரோட்சார், அவன் தழுவலில் அவள் செத்துப்போகிறாள். அடுத்த காட்சியில் அவன் வருகையை அறிவிப்பது கெபோபோ. அதாவது இரண்டு முறையும் மரணத்தை மேடைக்கு அழைத்துவருவது ஒரே குரல். முதலில் தேன் போல, அடுத்தது சேவல் போல. சேர்த்துக் கேட்டால் கெபோபோவின் கூவலுக்குள் வீனஸ் கேட்கும்.

பிப்ரவரி 13

கச்சேரி வடிவத்தைப் பற்றி.

கெபோபோவின் மூன்று பாட்டுகளையும் சேர்த்து 'மிஸ்டரீஸ் ஆஃப் தி மக்காப்ர்' என்ற தனி உருப்படியாக அமைத்தவர் எல்கர் ஹோவர்த். 1978 ஏப்ரல் 12இல் ஸ்டாக்ஹோம் ராயல் ஆப்பராவில் நடந்த முதல் அரங்கேற்றத்தில் வாத்தியக்குழுவை நடத்திய அதே கண்டக்டர். சோப்ரானோ பாடலாம், குரலுக்குப் பதில் ட்ரம்பெட்டிலும் வாசிக்கலாம். கெபோபோவை உலகம் அறிந்தது பெரும்பாலும் இதன் வழியாகத்தான், குறிப்பாகக் கனடாவின் சோப்ரானோ பாடகி பார்பரா ஹானிகன் வழியாக. ஒரே நேரத்தில் பாடிக்கொண்டே வாத்தியக்குழுவையும் நடத்துவார். 2015இல் லண்டன் பார்பிக்கன் அரங்கில் கண்டக்டர் சைமன் ராட்டில் நடத்த, பள்ளிச் சீருடையில் வந்து பாடினார்.

அவரைப்போல் இதைப் பாட இன்னொருவர் வர வேண்டும் என்றால் ரொம்ப நாள் ஆகும். ஒவ்வொரு 'ப்ஸ்ட்'டும் தாளத்தில் ஊசி முனையில் விழுகிறது. ஆனாலும் எனக்கு ஒரு கவலை. தனி உருப்படியில் அமைச்சர்கள் இல்லை, மரக்குதிரை இல்லை, செய்தியைக் கேட்க வேண்டிய இளவரசன் இல்லை. வாத்தியக்காரர்கள் நடுநடுவே குரல் கொடுத்து அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறார்கள். இருந்தும் கெபோபோ யாரோ ஒரு வினோதப் பெண்ணாகிவிடுகிறார், பதவி கழன்றுவிடுகிறது. கேள்வி கேட்டவர் 'சர்க்கஸ்' என்று சொன்னதற்குக் காரணம் இந்த வடிவம் முன்னாலேயே மனதில் பதிந்ததாக இருக்கலாம். சாதாரண ஆள் குழறினால் அது வெறும் நோய். அரசாங்கம் குழறினால்தான் அது இந்த ஆப்பரா.

பிப்ரவரி 13, இரவு

"அப்போ ஹானிகன் பாடியது தப்பா?" இல்லவே இல்லை! 2010 மே மாதம் நியூயார்க் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழு ஆலன் கில்பர்ட் தலைமையில் முழு ஆப்பராவையும் செய்தபோது கெபோபோ அவர்தான். தனி உருப்படியைக் கேட்டு மயங்கியவர்களை முழுப் படைப்புக்கு இழுத்து வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இழுபட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி.

பிப்ரவரி 17

பொம்மலாட்டம் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், தொடர்பு உண்டு. மூலம் பெல்ஜிய நாடகாசிரியர் மிஷேல் டி கெல்டரோடின் 1934ஆம் ஆண்டு நாடகம். லிகெட்டியோடு சேர்ந்து அதை லிப்ரெட்டோவாக, அதாவது ஆப்பராவின் பாடல் வசனமாக, ஆக்கியவரும் ஸ்டாக்ஹோமில் முதல் முறை இயக்கியவரும் மிகேல் மெஷ்கே. அந்த ஊரில் பொம்மலாட்ட அரங்கை நிறுவி நடத்தியவர். கெபோபோவின் அசைவுகள் நூலில் இழுத்ததுபோல் வெட்டி வெட்டி இருப்பது எனக்கு இதனால் தற்செயலாகத் தோன்றுவதில்லை.

இன்னொரு வேரும் உண்டு. 1960களின் முதல் பாதியிலேயே லிகெட்டி, அர்த்தமில்லாத ஒலிகளை மட்டும் வைத்து மூன்று பாடகர்கள் கோபிப்பது, கெஞ்சுவது, புறம்பேசுவது எல்லாம் செய்யும் 'அவாந்த்யூர்', 'நூவெல் அவாந்த்யூர்' என்ற இரண்டு படைப்புகள் எழுதினார். உணர்ச்சி முழுக்க இருக்கும், சொல் இருக்காது. கெபோபோ அந்த உலகத்திலிருந்து வந்து அரசுப் பணியில் சேர்ந்தவர்.

வாத்தியக்குழுவும் அப்படியே. ஆப்பரா தொடங்குவது 12 கார் ஹாரன்களோடு, 1607இல் மான்டெவெர்டி 'ஓர்ஃபெயோ'வுக்கு வைத்த எக்காள முழக்கத்தைக் கேலி செய்தபடி. பின்னால் வாசல் மணிகள் கச்சேரி செய்கின்றன. இவ்வளவு குப்பையும் நேர்த்தியாக ஸ்வரப்படுத்தப்பட்டிருப்பதைப் பார்த்து நான் வியந்து தீரவில்லை.

பிப்ரவரி 21

ஒரு நண்பர் 1997இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மேடையேறிய வடிவத்தை முன்வைக்கிறார். லிகெட்டி 1996இல் திருத்தி, வெறும் பேச்சாக இருந்த பல பகுதிகளைக் குறைத்து இறுக்கிய வடிவத்தின் முதல் மேடையேற்றம் அது. கண்டக்டர் சலோனென் வாத்தியக்குழுவை நடத்தினார், பீட்டர் செல்லர்ஸ் நாடகத்தை இயக்கினார். செல்லர்ஸ் அதை அணு விபத்துக்குப் பிந்தைய உலகமாக வைத்தார். லிகெட்டிக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். மரணம் உண்மையா, அல்லது நெக்ரோட்சார் வெறும் ஏமாற்றுக்காரனா என்ற சந்தேகம் கடைசிவரை திறந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் லிகெட்டி பக்கம். அழிவு ஏற்கெனவே நடந்துவிட்டது என்று மேடையே சொல்லிவிட்டால், கெபோபோ எதை எச்சரிப்பது? அந்தப் பாத்திரத்தின் பதற்றத்துக்கு நள்ளிரவு இன்னும் வராமல் இருக்க வேண்டும்.

இருந்தாலும் இசைக்காக அந்தத் திருத்திய வடிவத்தின் ஒலிப்பதிவைத்தான் சிபாரிசு செய்வேன். சலோனெனே நடத்திய பதிவு, கெபோபோ சிபில் ஏலர்ட். சில்லென்று, துல்லியமாக, ஒரு துளி அசடு வழியாமல் பாடுகிறார்.

பிப்ரவரி 24

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: மூன்றாம் காட்சியை மறுபடி பார்த்தாராம், இப்போது கோகோ முகத்தைக் கவனித்தாராம், ஆனாலும் மேல்திரை வசனம் (மேடைக்கு மேலே திரையில் ஓடும் எழுத்து) இல்லாமல் தாங்க முடியாது என்கிறார்.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கெபோபோவுக்கு மேல்திரையில் தெளிவான வாக்கியம் போடக் கூடாது. இந்த ஆப்பரா அரங்கேறியபோது மேல்திரை வசனம் என்ற பழக்கமே கிடையாது, அது 1983இல் டொராண்டோவில்தான் தொடங்கியது. லிகெட்டி, பார்ப்பவர்களின் மொழியிலேயே இதைப் பாட வேண்டும் என்று விரும்பியவர். ஜெர்மனில் எழுதிய லிப்ரெட்டோ ஸ்டாக்ஹோமில் ஸ்வீடிஷ் மொழியில்தான் பாடப்பட்டது. சொந்த மொழியில் பாடியும் கெபோபோ புரியாமல் போக வேண்டும், அப்போதுதான் அந்தச் சிரிப்பு முழுசாக வரும். திரையில் 'வால்நட்சத்திரம் நெருங்குகிறது' என்று நிதானமாக எழுத்து வந்து நின்றால், செய்தி நமக்கு முதலிலேயே கிடைத்துவிடும், பாடகி வீணாகக் கத்திக்கொண்டிருப்பார்.

ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் அவர் பாடும் விதத்திலேயே உடைத்துப் போடட்டும். 'வா… வால்… உஷ்… நட்… ஒன்பது… ப்ஸ்ட்'. அமைச்சர்களுக்கும் கோகோவுக்கும் முழு வசனம், கெபோபோவுக்குத் துண்டுகள். அப்படிச் செய்தால் பார்வையாளர் தானாகவே கோகோ பக்கம் போய் நின்று, அவனைப் போலவே துண்டுகளைப் பொறுக்கத் தொடங்குவார். அடுத்த முறை எங்காவது இந்த ஆப்பராவைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே திரையில் என்ன போட்டார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.